பம்பர் பெயின்ற் கெதியாக் காயவேணும் எண்டு நெருப்புக் காட்டாதேங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு,

வணக்கம். மாரி தொடங்க முன்னம் வாகனத்தில கிடக்கிற சின்னச் சின்ன வேலையளை முடிச்சுப்போடவேணும் எண்டு இப்ப வன்னி முழுக்க ஆக்கள் ஓடித்திரியிற நேரம். மாங்குளம், மல்லாவி, பரந்தன், புதுக்குடியிருப்பு எண்டு எங்க போனாலும் ஏதோ ஒரு முத்தத்தில ஒரு பம்பரைக் கதிரையில சாத்தி வைச்சு ஸ்பிறே கானால அடிச்சுக்கொண்டு நிக்கிற பெடியனைக் காணலாம், அதில பிழை சொல்ல ஒண்டுமில்லை, ஆனா அடிச்சு முடிஞ்ச உடன அதைக் கெதியாக் காயவைக்கிறம் எண்டு செய்யிற வேலையளைப் பாத்தாப் பிறகுதான் இதை எழுதாமல் இருக்க ஏலாமக் கிடக்கு. ஹீற் கண் எண்டுற சூட்டுக்காத்து ஊதிற மிசினைப் பிடிக்கினம், விறகடுப்புக்குக் கிட்டக் கொண்டுபோய் நிமித்தி வைக்கினம், சைட் கண்ணாடிக் கவரைக் குசினி ஓவனுக்குள்ள வைச்சு மூடினம், போனில ரெண்டு நிமிச வீடியோ ஒண்டில அப்பிடிக் காட்டினவங்களாம். நான் கராஜில பெயின்ற் அடிச்சு வளந்த ஆள், இப்பவும் அதுதான் தொழில், அதால எனக்குத் தெரிஞ்சதை உங்கட பத்திரிகையால நாலு பேர் அறியவேணும் எண்டு விரும்புறன்.

வீட்டில அடிக்காதேங்கோ, கராஜுக்குக் கொண்டு போங்கோ எண்டு நான் சொல்ல வரேல்லை. எங்கட சனத்தின்ர நிலைமை எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு இருக்கிற பழைய வாகனத்தைத்தான் எல்லாரும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு வந்தவை, 2025 பெப்ரவரியில திரும்ப விட்டாலும் விலையைக் கேட்டா அது எங்களுக்கானதில்லை. அதோட ஏ9 றோட்டிலயும் முல்லைத்தீவு றோட்டிலயும் இரவில மாடு படுத்திருக்கிறதை உங்கட பத்திரிகையே எத்தினை தரம் போட்டிருக்கும், அதில கொண்டுபோய் முட்டினா முதல் உடையிறது முன் பம்பர், பிறகு கிறில், பிறகு கண்ணாடிக் கவர், எல்லாம் பிளாஸ்ரிக். பழசு ஒண்டைத் தேடி வாங்கினா அது வேற நிறமா இருக்கும், அப்ப பெயின்ற் அடிச்சே ஆகவேணும். அடுத்த நாள் ஹயருக்குப் போகவேணும், இல்லாட்டி ஒரு கலியாணவீட்டுக்கு வாகனம் வேணும், அதால அவசரம். இந்த அவசரம் நியாயமான அவசரம். நான் சொல்ல வாறது என்னெண்டா, பெயின்ற் கெதியாக் காயிறதும் காயாததும் அடிச்சு முடிஞ்சாப் பிறகு காட்டுற சூட்டில இல்லை, அடிக்க முன்னமும் அடிக்கேக்கையும் நாங்கள் என்ன செய்யிறம் எண்டதிலதான் முக்காவாசியும் கிடக்கு.

முதல்ல எந்த ரின்னை வாங்கியிருக்கிறியள் எண்டு தெரிஞ்சுகொள்ளுங்கோ, ஏனெண்டா எல்லாப் பெயின்ற்றும் ஒரே மாதிரிக் காயிறதில்லை. சாதாரண ஸ்பிறே கானில வாற அக்ரிலிக்கும், என்.சி எண்டு சொல்லுற லாக்கரும் அதுக்குள்ள பெயின்ற்றை இளக்கக் கலந்திருக்கிற தின்னர் பறந்து போனாக் காணும், காஞ்சிடும். எனாமல் அப்பிடியில்லை, தின்னர் போனாப் பிறகும் காத்தில இருக்கிற ஒட்சிசனை இழுத்துத்தான் இறுகும், அதுக்கு நாள் எடுக்கும், கன எனாமல் கானில ஒரு மணித்தியாலத்துக்குள்ள அடுத்த கோற்றை, அதாவது அடுத்த பூச்சைப் போடு இல்லாட்டி ரெண்டு நாள் விட்டுப் போடு எண்டு எழுதியிருக்கிறதுக்குக் காரணம் அதுதான், இடைக்குள்ள போட்டா கீழ்க் கோற் சுருங்கி எழும்பிடும். மூண்டாவது 2கே, அதாவது பெயின்ற்றோட ஹார்ட்னர் எண்டுற இறுக்கிற திரவத்தைக் கலந்து அடிக்கிறது, அது ரெண்டும் சேந்து இரசாயனமா இறுகிறது. இதிலதான் சூடு ஆகக் கூட வேலை செய்யும், பத்து பாகை கூடினா இறுகிற வேகம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும் எண்டு ஒரு கணக்கு இருக்கு. பெரிய கராஜ்களில பெயின்ற் பூத் எண்டுற மூடின அறைக்குள்ள 60 பாகையில அரை மணித்தியாலம் வைக்கிறது இந்தக் கணக்கிலதான். அதைப் பாத்திட்டு வந்து சாதாரண ஸ்பிறே கான் பெயின்ற்றுக்கு ஹீற் கண் பிடிக்கிறதில ஒரு நன்மையும் இல்லை.

இனிப் பெயின்ற்றின்ர தடிப்பு. இதை நான் எவ்வளவு சொன்னாலும் பெடியள் கேக்கிறதில்லை. ரெண்டு கோற் மெல்லிசா அடிக்கிறதுக்குப் பதிலா ஒரே கோற்றில மொத்தமா அடிச்சா வேலை கெதியா முடியும் எண்டுதான் நினைக்கினம். பெயின்ற்றுக்குள்ள இருக்கிற தின்னர் அடியில இருந்து மேல ஊர்ந்து வந்துதான் வெளியால போகவேணும், தடிப்பு ரெண்டு மடங்கானா அது வெளிய வர எடுக்கிற நேரம் ரெண்டு மடங்கில்லை, கிட்டத்தட்ட நாலு மடங்கு. அதுக்குள்ள மேலால பாலில ஆடை கட்டுறமாதிரி ஒரு தோல் கட்டிடும், உள்ளுக்க நிண்ட தின்னருக்கு வழியில்லை, அதுக்கு மேல சூட்டையும் காட்டினியள் எண்டா உள்ளுக்க ஆவியாகி அந்தத் தோலைக் குத்திக்கொண்டு வரும், பம்பர் முழுக்க ஊசி குத்தினமாதிரி ஓட்டை. குத்தாமல் தப்பினாலும் ரெண்டு கிழமையில மினுக்கம் செத்து மங்கிப் போகும், நகத்தால அழுத்தினா நகம் பதியும். மெல்லிசா ஒரு கோற், பத்து நிமிசம் சும்மா விடுங்கோ, மினுக்கம் கொஞ்சம் இறங்கி மங்கலா வரேக்க அடுத்தது, அப்பிடி மூண்டு கோற் அடிச்சா அந்த மூண்டும் மொத்தமா அடிச்ச ஒண்டை விடக் கெதியாக் காயும். முதல் கோற்றில கீழ இருக்கிற நிறம் தெரியும்தான், தெரியட்டும், அதை அப்பவே மறைக்க வெளிக்கிடாதேங்கோ.

பிளாஸ்ரிக் எண்டதால வாற பிரச்சினையள் தனி. பம்பரைக் கழட்டி உள்பக்கம் பாத்தா எந்த வகைப் பிளாஸ்ரிக் எண்டு சொல்லுற ஒரு அச்சு இருக்கும், கனக்க பம்பருகளில பி.பி எண்டோ, பி.பி சக ஈ.பி.டி.எம் எண்டோ கிடக்கும், கிறிலிலயும் கண்ணாடிக் கவரிலயும் கூடுதலா ஏ.பி.எஸ். பி.பி எண்டா பெயின்ற் அதில ஒட்டவே விரும்பாது, அதுக்கெண்டு விக்கிற பிளாஸ்ரிக் பிறைமர் மெல்லிசா அடிச்சு, அந்த ரின்னில சொன்ன நேரத்துக்குள்ள மேல் கோற்றைப் போடவேணும். இதை விட்டிட்டு எவ்வளவு வடிவாக் காயவைச்சாலும் பிறகு தண்ணி அடிச்சுக் கழுவேக்க பாளம் பாளமாக் கழண்டு வரும். ஏ.பி.எஸ்ஸுக்கு ஒட்டிறது பிரச்சினையில்லை, ஆனா கடும் தின்னரால துடைச்சா வெடிச்சுப் போகும், சோப்புத் தண்ணியால கழுவி ஐசோபுறொபைல் அற்ககோலால ஒருக்கா துடைச்சாக் காணும்.

சூட்டுக்கு வருவம். இரும்புக் கதவுக்குச் சூடு காட்டினா அந்தச் சூடு தகடு முழுக்கப் பரவும். பிளாஸ்ரிக் சூட்டைக் கடத்திறது இரும்பை விட 200 மடங்குக்கு மேல குறைவு, அதால ஹீற் கண் பிடிச்ச இடத்தில மட்டும் சூடு குவிஞ்சு நிக்கும், பக்கத்தில ரெண்டு அங்குலம் தள்ளித் தொட்டா ஒண்டும் தெரியாது. ஹீற் கண் வாயில வாற காத்து 300 பாகைக்கு மேல, சிலது 500 தாண்டும். எங்களுக்கு வேண்டியது 40, கூடிப் போனா 50. இந்த ரெண்டுக்கும் இடையில கையால தூரத்தைக் கூட்டிக் குறைச்சுச் சமாளிக்கலாம் எண்டு நினைக்கிறது ஆபத்து. பி.பி பம்பர் உருகிறதுக்கு முதல் தன்ர பாரத்திலயே தொய்யத் தொடங்கிடும், தொங்க விட்டிருந்தா இன்னும் மோசம், பிறகு வாகனத்தில பூட்டேக்க ஒரு பக்கம் கிளிப்புக்குள்ள போகும் மற்றப் பக்கம் போகாது. ஒரு தம்பி அடுப்புக்குக் கிட்ட வைச்சுக் காயவைச்ச பம்பரைக் கொண்டந்து பூட்டித்தாங்கோ எண்டு கேட்டவர், பெயின்ற் நல்லாத்தான் காஞ்சிருந்தது, ஆனா ஹெட்லைற்றுக்குக் கீழ ஒரு விரல் போற இடைவெளி. பம்பருக்குக் குடுத்த காசும் போச்சு பெயின்ற்றுக்குக் குடுத்த காசும் போச்சு.

சூடு எங்க உதவும் எண்டா பெயின்ற் அடிக்க முன்னம். இதைக் கனபேர் யோசிக்கிறதேயில்லை. வாட்டர் பேப்பரால தேய்ச்சுக் கழுவினாப் பிறகு முன்பக்கம் துணியால துடைச்சா உடன காஞ்சமாதிரித் தெரியும், ஆனா பின்பக்கத்து வரிச்சுகளுக்குள்ளயும் கிளிப் ஓட்டையளுக்குள்ளயும் தண்ணி நிக்கும், அடிக்கேக்க காத்து அமுக்கத்தில அது ஒரு சொட்டா வந்து முன்னுக்கு விழும். அதால கழுவின பொருளை வெயில்ல வடிவாப் போட்டு, திருப்பிப் போட்டு, வேணுமெண்டா ஹெயார் ட்ரையரால ஓட்டையளுக்குள்ள ஊதிக் காயவையுங்கோ, இப்ப பெயின்ற்றும் இல்லைத் தின்னரும் இல்லை, பயப்பிட ஒண்டுமில்லை. பிறகு நிழலுக்குக் கொண்டந்து கை வைச்சா மெல்லிய சூடு மட்டும் தெரியிற நேரம் அடிக்கத் தொடங்குங்கோ. ஸ்பிறே கானையும் ஒரு பத்து நிமிசம் கைச்சூட்டுத் தண்ணியில வைச்சுக் குலுக்கினா மெல்லிசாத் தூவும், ஆனா கொதிதண்ணியில ஒருநாளும் வைக்காதேங்கோ, 50 பாகைக்கு மேல சூடாக்காதே எண்டு கானிலயே இருக்கு, வெடிக்கும்.

இப்ப மாரிக் கதை, இதுதான் எங்கட இடத்துக்கு முக்கியம். ஒக்ரோபர் கடைசியில இருந்து ஜனவரி வரைக்கும் இஞ்சை காத்தில எவ்வளவு ஈரம் எண்டு எல்லாருக்கும் தெரியும், உடுப்பே ரெண்டு நாளுக்குக் காயாது. தின்னர் பறக்கேக்க பெயின்ற் அடிச்ச மேற்பரப்பைக் குளிராக்கிக்கொண்டுதான் பறக்கும், கையில தின்னர் பட்டா சில்லெண்டு இருக்கிறது அதாலதான். மாரியில 28 பாகையும் ஈரப்பதன் 85 வீதமும் எண்டு வைச்சா, 25 பாகைக்குக் குளிர்ந்த எதிலயும் காத்தில இருக்கிற ஈரம் தண்ணியாப் படியத் தொடங்கும். வெறும் மூண்டு பாகைதான் வித்தியாசம், தின்னர் அந்த மூண்டு பாகையை லேசாக் குறைச்சிடும். அப்பதான் கறுப்புப் பெயின்ற் பால் ஊத்தினமாதிரி வெளுத்து வாறது. லாக்கரில இது கண்ணுக்கு முன்னால நடக்கும். 2கேயில ஈரம் ஹார்ட்னரோட சேந்து வாயுக் குமிழ் விடும், அது அடுத்த நாள்தான் தெரியும். இதே கோடையில 34 பாகையும் ஈரப்பதன் 50 வீதமும் எண்டா தண்ணி படியிறதுக்கு 22 பாகை மட்டுக்கும் குளிரவேணும், பன்ரெண்டு பாகை இடைவெளி, அதால ஆவணியில லேசில வெளுக்காது.

இதில ஆக்கள் செய்யிற பெரிய பிழை என்னெண்டா, மழைக்காலம் காயாது எண்டு கடையில போய் கெதியாக் காயிற தின்னர் தாங்கோ எண்டு கேக்கிறது. கெதியாப் பறக்கிற தின்னர் இன்னும் கூடக் குளிராக்கும், இன்னும் கூட வெளுக்கும். ஈரமான நாளில நடுத்தரத் தின்னரோட, பறக்கிறதைத் தாமதமாக்கிற றிராடர் கொஞ்சம் சேத்து ஆறுதலாப் பறக்க விடவேணும், பாக்கேக்க நேரம் கூட எடுக்கிறமாதிரித்தான் இருக்கும், ஆனா திரும்பத் தேய்ச்சுத் திரும்ப அடிக்கிற நாளோட ஒப்பிட்டா அதுதான் கெதி. கோடை மத்தியானத்திலயும் கெதித் தின்னர் சரிவராது, தூவினது பம்பரில போய் விழ முன்னமே அந்தரத்தில காஞ்சு மண் தூவினமாதிரிச் சொரசொரப்பா இருக்கும். ஆக ரெண்டு காலத்திலயும் கெதித் தின்னர் எங்களுக்கு ஆகாது. போனில வானிலை பாக்கிறதில ஈரப்பதன் போடுது, 85க்கு மேல எண்டா அண்டைக்கு அடிக்காதேங்கோ. மழை விட்ட நாளில காலமை பத்து மணிக்கும் பின்னேரம் ரெண்டு மணிக்கும் இடையில ஒரு நல்ல நேரம் கிடைக்கும், அதைப் பாத்திருந்து பிடியுங்கோ. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு முத்தத்தில அடிச்சிட்டு அப்பிடியே விட்டா இரவுப் பனி இறங்கி மினுக்கத்தைத் திண்டுபோடும், தை மாசி மாசங்களில மழை இல்லாட்டியும் இது நடக்கும், குளத்துப் பக்கத்து வீடுகளில இன்னும் கூட, இரணைமடுவுக்குக் கீழ இருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கோடையில வெயில் இருக்குத்தானே எண்டு அடிச்ச உடன வெயில்ல வைக்கிறதும் சரியில்லை. உச்சி வெயில்ல கறுத்தப் பிளாஸ்ரிக் 60 பாகை தாண்டிடும், அந்தத் தோல் கட்டிற கதை அங்கயும் நடக்கும். நிழல்ல, காத்து மெல்லமா ஓடுற இடத்தில அரை மணித்தியாலம், ஏலுமெண்டா ஒரு மணித்தியாலம் விட்டு, பிறகு காலமை வெயிலோ பின்னேர வெயிலோ படுற இடத்தில வைச்சா நல்லது. எங்களுக்குச் சோளகக் காத்து இன்னொரு தலையிடி, அந்தச் செம்மண் புழுதி நேர வந்து ஈரப் பெயின்ற்றில உக்காரும், அதோட பிளாஸ்ரிக்கைக் காஞ்ச துணியால உரசினா மின் ஏறித் தூசியைத் தானே இழுக்கும், அதால கடைசித் துடையல் லேசா நனைச்ச துணியால இருக்கட்டும். அடிக்கிற இடத்து நிலத்துக்கு முதலே தண்ணி தெளிச்சு விடுங்கோ. கோடையில பனி விலகினாப் பிறகு, காத்து எழும்ப முன்னம் ஒரு ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் இருக்கும், என்ர அனுபவத்தில வருசத்திலயே பெயின்ற் அடிக்க அதை விட நல்ல நேரமில்லை. மாரி தொடங்கினா புழுதி இல்லை, ஆனா ஈசல் வரும், லைற் போட்டு இரவில அடிக்காதேங்கோ.

காத்தோட்டத்தைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். தின்னர் ஆவி சாதாரணக் காத்தை விடப் பாரம், அது நிலத்தோட படுத்துக் கிடக்கும். அறைக்குள்ள வைச்சு யன்னலை மட்டும் திறந்தாக் காணாது, கீழால வெளிய போக கதவும் திறந்திருக்கவேணும். ஃபானை நேர பம்பரில பிடிக்கக் கூடாது, தூசியையும் அடிக்கும் தோலையும் கட்டும், மற்றப் பக்கச் சுவரைப் பாத்து விட்டா அறைக்குள்ள காத்து சுத்தும், அது காணும், அதுவும் அடிச்சு முடிஞ்சு ஆவி கலைஞ்சாப் பிறகு, அடிக்கேக்க ஃபான் சுவிச்சையே தொடாதேங்கோ. தின்னருக்குள்ள இருக்கிற தொலுயீன் 4 பாகையிலயே தீப்பிடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான், எங்கட ஊரில ஒரு நாளும் அந்த அளவுக்குக் குளிரில்லை, அதால எந்த நாளும் எந்த நேரமும் அது பத்தும். விறகடுப்பு, காஸ் அடுப்பு, குப்பி விளக்கு, சாமிப் படத்து விளக்கு, இவ்வளவும் வீட்டுக்குள்ள எரிஞ்சுகொண்டிருக்கேக்க பக்கத்து அறையில ஸ்பிறே அடிக்கிறது எவ்வளவு பயங்கரம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஓவனும் அப்பிடித்தான், மூடின பெட்டி, உள்ளுக்க ஆவி, அடியில நெருப்பு. நெருப்புப் பிடிக்காமல் தப்பினாலும் அதுக்குள்ள பிறகு பிள்ளையளுக்குக் கேக் போடுறதே?

சரி, உண்மையாவே அவசரம், கராஜில 2கே அடிச்சு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன், நாளைக்குப் பூட்டவேணும் எண்டா என்ன வழி எண்டு கேட்டா, எங்கட வீடுகளிலயே அதுக்கு ஒரு வழி இருக்கு. கோழிக்குஞ்சு வளக்கிற ஆக்கள் குஞ்சுக்குச் சூடு குடுக்கக் குண்டு பல்ப் போட்ட பெட்டி வைச்சிருக்கினம் அல்லோ, கண்ணாடிக் கவர், வீல் கப், கிறில் மாதிரிச் சின்னச் சாமானுக்கு அதே முறை வடிவா வேலை செய்யும். பலகையிலயோ தகரத்திலயோ ஒரு பெட்டி, உள்ளுக்க அலுமினியத் தாள் ஒட்டி, கீழ நாலு ஓட்டை மேல நாலு ஓட்டை விட்டு, பல்ப் சாமானில படாமல் ஒரு முழம் தள்ளி இருக்கிறமாதிரிப் போட்டு, ஒரு வெப்பமானியைச் சாமானுக்குப் பக்கத்தில தொங்கவிடுங்கோ, இதில வெப்பமானிதான் முக்கியம், அது இல்லாட்டி இந்த வேலையே வேண்டாம். 40க்கும் 50க்கும் இடையில நிக்கவேணும். 50 தாண்டினா ஒரு பல்பைக் கழட்டுங்கோ இல்லாட்டி மேல் ஓட்டையைப் பெருசாக்குங்கோ. எல்.ஈ.டி பல்ப் சரிவராது, அதில வெளிச்சம்தான், சூடில்லை. இதுக்குள்ள வைக்கிறது அடிச்ச உடன இல்லை, தொட்டா ஒட்டாத அளவுக்கு வெளியில காஞ்சு, தின்னர் மணம் நல்லாக் குறைஞ்சாப் பிறகுதான், அதோட பெட்டியைப் போட்டுட்டு ஆக்கள் எங்கயும் போகக் கூடாது, கரண்ட் நிண்டு நிண்டு வாற இடங்களில இன்னும் கவனம். முழுப் பம்பருக்கு இப்பிடிப் பெட்டி செய்ய ஏலாது, அதுக்கு வெயில்தான், வாகனத்தில இருக்கிறமாதிரியே வளைவு நிக்க நாலைஞ்சு இடத்தில முண்டு குடுத்து வையுங்கோ, தொங்கவிடாதேங்கோ.

ஹார்ட்னரைக் கூட ஊத்தினாக் கெதியா இறுகும் எண்டு ஒரு கதை ஊரெல்லாம் இருக்கு. இல்லை. ரின்னில ரெண்டுக்கு ஒண்டு எண்டா ரெண்டுக்கு ஒண்டுதான், நாலுக்கு ஒண்டு எண்டா நாலுக்கு ஒண்டுதான். மிஞ்சின ஹார்ட்னருக்குச் சேர ஆளில்லாமல் உள்ளுக்கயே நிண்டு ஒண்டில் பிசுபிசுப்பா இருக்கும், இல்லாட்டி பிறகு ஈரத்தோட சேந்து விறைச்சுப் போகும், பம்பர் கொஞ்சம் வளைஞ்சாலும் கண்ணாடி வெடிக்கிறமாதிரிக் கோடு விழும். கெதியாக்க அதுக்கெண்டு அக்சிலரேற்றர் விக்கிறாங்கள், அதே கொம்பனியின்ர, ரின்னில சொன்ன அளவு மட்டும், அதுவும் கலந்தாப் பிறகு பாவிக்கிற நேரம் குறையும் எண்டு தெரிஞ்சுதான் போடவேணும்.

ஆனா ஹார்ட்னரைப் பற்றி நான் சொல்லவேண்டிய பெரிய விசயம் வேற. அதுக்குள்ள இருக்கிறது ஐசோசயனேற். அது நெஞ்சுக்குள்ள போனா ஆஸ்துமாவை உண்டாக்கும், ஒருக்கா உடம்பு அதுக்குப் பழுதாகிட்டுதெண்டா பிறகு வாழ்நாள் முழுக்கத் துளி பட்டாலும் இழுப்பு வரும். இதில கொடுமை என்னெண்டா கெடுதல் செய்யிற அளவிலயும் அதுக்குத் தனியா ஒரு மணமும் தெரியாது, மூக்கு எச்சரிக்காது. கொரோனாவுக்குப் போட்ட மாஸ்க்கும், லேஞ்சியைக் கட்டிறதும் இதுக்கு ஒண்டுமே செய்யாது. கராஜ்களில சுத்தக் காத்து குழாயால வாற மூடிதான் இதுக்குச் சரி, அது வீட்டில இல்லை எண்டா 2கேயை வீட்டில அடிக்காதேங்கோ, 2கே கானும் அதே சாமான்தான், கான் எண்டதால லேசு எண்டு நினைக்க வேண்டாம். ஹார்ட்னர் கலக்காத 1கே கானில நிறத்தையும், அதுக்கு மேல மினுக்கத்துக்கு அடிக்கிற கிளியரையும் அடிச்சு நாலு நாள் பொறுத்தால் வீட்டு வாகனத்துக்குக் காணும். 1கேக்கும் ஆவி பிடிக்கிற கரித் தட்டுப் போட்ட மாஸ்க் வேணும், திறந்த வெளி வேணும், பிள்ளைத்தாச்சியளும் சின்னப் பிள்ளையளும் அந்தப் பக்கம் வரக் கூடாது. எங்கட சனத்தில எத்தினை பேர் ஏற்கனவே நெஞ்சுக்குள்ள வருத்தத்தோட இருக்கினம். ஒரு பம்பருக்காக இன்னொரு வருத்தத்தை வாங்கத் தேவையில்லை.

காஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறது எப்பிடி எண்டும் சொல்லிவிடுறன். விரலால தொட்டு ஒட்டேல்லை எண்டா தூசி ஒட்டாது எண்டு மட்டும்தான் அர்த்தம், பூட்டலாம் எண்டு இல்லை. பின்பக்க ஓரத்தில ஒரு இடத்தில நகத்தை அமத்திப் பாருங்கோ, பதிஞ்சா இன்னும் இல்லை. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனா தின்னர் மணம் வந்தா இன்னும் இல்லை. மறைப்பு ரேப்பை மட்டும் முழுக்க இறுக முன்னம் மெல்லமாச் சரிச்சு இழுத்துப்போடுங்கோ. பூட்டினாப் பிறகு முதல் கிழமை அமுக்கத் தண்ணி அடிச்சுக் கழுவ வேண்டாம், வக்ஸ் போடுறதை ஒரு மாசத்துக்குப் பிறகு பாப்பம், காகம் எச்சம் போட்டா உடன தண்ணி விட்டுக் கழுவுங்கோ, புதுப் பெயின்ற்றை அது அரிச்சுப்போடும்.

இவ்வளவும் எழுதினாப் பிறகு உங்களிட்டயும் மற்ற ஆக்களிட்டயும் எனக்குச் சில கேள்வி இருக்கு, ஐயா. இதில நான் சொன்னதில பாதிக்கு மேல ரின்னிலயும் கானிலயும் எழுதித்தான் இருக்கு, ஆனா என்னட்ட வாற ரின்னில ஒண்டிலயும் தமிழ் இல்லை, உள்ளதும் கண்ணுக்குத் தெரியாத சின்ன எழுத்தில இங்கிலீசு. கான் வாங்க வாற பெடியன் அதை வாசிக்கிறானில்லை, வாசிக்க ஏலாது எண்டதால போன் வீடியோவைப் பாக்கிறான். கிளிநொச்சியிலயும் வவுனியாவிலயும் முல்லைத்தீவிலயும் வாகனப் பெயின்ற் விக்கிற கடைக்காரர் ஒரு அரைத் தாளில, எந்தப் பெயின்ற்றுக்கு எவ்வளவு இடைவெளி, எந்தத் தின்னர், என்ன மாஸ்க், எவ்வளவு சூடு எண்டு தமிழில அடிச்சு ரின்னோட குடுத்தா என்ன செலவு வரப்போகுது? கிளிநொச்சி அறிவியல் நகரில இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கு, வாகனத் தொழில் படிப்பிக்கினம், அங்க ஒரு சனிக்கிழமை முத்தத்தில பெயின்ற் அடிக்கிற சாதாரண ஆக்களையும் கூப்பிட்டு மாஸ்க் போடுறது எப்பிடி, ஆவி எங்க போகும் எண்டு கண்ணால காட்டினா எவ்வளவு உதவி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் அந்த இடத்திலதான் கிடக்கு, அந்தக் கோழிக்குஞ்சுப் பெட்டியை ஒழுங்கா அளந்து, எத்தினை பல்புக்கு எவ்வளவு சூடு எண்டு ஒரு வரைபடம் போட்டுத் தந்தா அதை வைச்சு ஆயிரம் பேர் செய்வினம். உங்கட பத்திரிகையில சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் இடம் இருக்கு, மாரி தொடங்க முன்னம் இதுக்கும் ஒரு கால் பக்கம் ஒதுக்கித் தாங்கோ, தேவையெண்டா அந்த அரைத் தாளை எழுதித் தர நான் ஆயத்தம்.

நன்றி.

இப்படிக்கு,
வாகனப் பெயின்ற் தொழிலாளி ஒருவர்,
மாங்குளம்.